ஓட்டைக்கூட்டிலிருந்து பட்டு நூற்பது: தக்ளியில் இழை நழுவுது, இல்லேன்னா இறுகுது. எங்கே கோளாறு?

#1 கொருக்குப்பேட்டை_குயில்

வணக்கம். பஞ்சுல தக்ளி (கையால சுத்துற சின்ன நூற்புக் கதிர்) கைக்கு வந்துடுச்சு, 20ஆம் நம்பர் நூல் வரைக்கும் அறுகாம வருது. இப்ப பூச்சி ஓட்டை போட்டு வெளியேறின மல்பெரி கூடு அரை கிலோ கையில இருக்கு. வெந்நீர்ல ஊறவெச்சா மட்டும் பிரிய மாட்டேங்குது. ஒரு கைப்பிடியைத் துணி சோப்பு போட்டு வேகவெச்சதுல பிரிஞ்சுது, ஆனா சாம்பல் நிறமா பிசுபிசுன்னு இருக்கு. அதைப் பஞ்சுப் பட்டை மாதிரியே உருட்டித் தக்ளியில பிடிச்சா, ஒண்ணு இழை நழுவி தக்ளி கீழே விழுது, இல்லேன்னா இறுகிப்போய் இழுக்கவே வரல. நடுவுல ஒரு நிலையே இல்ல.

இழை மேல இருக்கிற பட்டுப் பசையை முழுசா எடுக்கணுமா? தக்ளி போதுமா, ராட்டை வேணுமா? காஞ்சிபுரம் பட்டோட பளபளப்பு இதுல வருமா? கடைசியில இதை ஊடையா (குறுக்கு நூலா) போட்டு ஒரு அங்கவஸ்திரமாவது நெய்ய முடியுமா?

#2 சாயப்பானை

முதல்ல அந்த சாம்பல் பிசுபிசுப்பு. அது பட்டுப் பசை இல்லீங்க, சோப்புக் கசடு. போர் தண்ணியில வேகவெச்சிருப்பீங்க. மீஞ்சூர், எண்ணூர் பக்கம் நிலத்தடியில கடல்நீர் ஏறி ரொம்ப வருஷம் ஆகுது. நம்ம பக்கத்து போர் தண்ணி பெரும்பாலும் உப்பும் கடினமும். அதுல இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சோப்போட சேர்ந்து கரையாத கசடாகி நேரா இழையில உக்காந்துக்கும். அப்புறம் எத்தனை தடவை அலசினாலும் போகாது, ஏன்னா அலசுறதும் அதே தண்ணி.

100 கிராம் கூட்டுக்கு ஒரு தடவைக்கு 4 லிட்டர் தண்ணி போதும். ஆர்.ஓ. தண்ணி, பிடிச்சு வெச்ச மழைத்தண்ணி, ஏ.சி. குழாயில சொட்டுற தண்ணி எதுவா இருந்தாலும் சரி. கெட்டுப்போன கைப்பிடியையும் காப்பாத்தலாம். லிட்டருக்கு 10 மில்லி வினிகர் விட்ட வெதுவெதுப்பான மென்னீர்ல கால் மணி நேரம் போடுங்க, கசடு உடையும். பிறகு லிட்டருக்கு 3 கிராம் சோப்பும் அரை கிராம் சலவை சோடாவும் போட்ட புது மென்னீர்ல 70 டிகிரியில 20 நிமிஷம். உடைஞ்ச கொழுப்பு இந்தத் தண்ணியில வந்துடும்.

இனி மீதிக் கூட்டுக்கு. ஒவ்வொரு கூட்டையும் கத்தரியால ஓட்டைப் பக்கம் கொஞ்சம் திறந்து, உள்ளே கிடக்கிற கூட்டுப்புழுத் தோலையும் காய்ஞ்ச குப்பையையும் கொட்டிடுங்க. சோம்பல் படாதீங்க. அந்தப் பழுப்புத் தோல் வேகும்போது தூளாகி இழையில ஏறினா, நூற்கும்போது ஒவ்வொரு தூளும் ஒரு முடிச்சு. புழு செத்து உள்ளேயே இருக்கிற கூட்டைத் தனியா ஒதுக்குங்க. அதுல எண்ணெய் இறங்கியிருக்கும், வேகவெச்சா வர்ற நாத்தத்துக்கு லைன் வீட்டுல பஞ்சாயத்தே வந்துடும்.

சுத்தம் பண்ணின ஓடு 100 கிராம், மென்னீர் 4 லிட்டர், சோப்பு 25 கிராம், சலவை சோடா 3 கிராம். சோப்புன்னா வெள்ளைக் குளியல் சோப்பு, உறையில டி.எஃப்.எம். (மொத்தக் கொழுப்புப் பொருள்) 76 சதவீதமோ அதுக்கு மேலயோ போட்டிருக்கணும். துருவிக் கரைச்சுக்குங்க. துணி துவைக்கிற பார் சோப்புல சோடாவும் நிரப்புப் பொருளும் எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரியாது, அதனால கணக்கு நிக்காது. சலவைத்தூள் வேண்டவே வேண்டாம். கறை நீக்கப் போடுற என்சைம் புரதத்தைத் தின்கிற சரக்கு, பட்டும் புரதம்தான். காஸ்டிக் சோடாவும் பிளீச்சிங் தண்ணியும் பட்டையே கரைச்சுடும்.

எவர்சில்வர் பாத்திரம், அலுமினியம் கூடாது. கூட்டைத் தளர்வான வலைப்பையில போட்டு முக்குங்க. 90லேர்ந்து 95 டிகிரி, அதாவது அடியில பொடிக் குமிழ் எழும்பணும், தளதளன்னு கொதிக்கக் கூடாது. 50 நிமிஷம். கிளறாதீங்க, பையைத் தூக்கித் தூக்கி முக்கினா போதும். கிளறினா வெளியிழை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும். பிறகு சோப்பும் சோடாவும் பாதியாக்கி இன்னொரு புதுத் தண்ணியில அரை மணி. பி.எச். தாள் இருந்தா 9.5க்கும் 10க்கும் நடுவுல நிக்குதான்னு பாருங்க.

முதல் அலசல் சூடான தண்ணியிலதான், 70 டிகிரியாவது இருக்கணும். பச்சைத்தண்ணியில டக்குனு போட்டா கரைஞ்ச பசை மறுபடி இழையிலேயே படியும். அப்புறம் வெதுவெதுப்பா ஒண்ணு, பச்சைத்தண்ணி ஒண்ணு.

முடிஞ்சுதான்னு தெரிஞ்சுக்கத் தராசுதான் சாட்சி. மல்பெரிப் பட்டுல ஏறக்குறைய கால்வாசி பசை. 100 கிராம் போட்டு, நிழல்ல நல்லா காய்ஞ்ச பிறகு 72லேர்ந்து 78 கிராம் வந்தா சரி. 85 வந்தா உள் அடுக்குல பசை இருக்கு, இன்னொரு தண்ணி குடுங்க. 70க்கும் கீழே போனா சோடாவோ நேரமோ அதிகம், இழை மங்கிப் பொடி உதிரும்.

#3 சிட்டம்

காஞ்சிபுரக் கேள்விக்கு மட்டும் இப்போதைக்கு. காஞ்சிபுரப் புடவையின் நூல் நூற்றது அல்ல. முழுக்கூட்டை வெந்நீரில் இளக்கி, பல கூடுகளின் இழைகளைச் சேர்த்து உருவி எடுத்து, அதற்கு முறுக்கேற்றியது. நல்ல வெண்கூடு ஒன்றிலிருந்து 1000 மீட்டரைச் சுற்றி அறுபடாத ஒரே இழை கிடைக்கும். அதில் இழையின் நுனி என்பதே அநேகமாக இல்லை, ஆகவே வெளிச்சம் அப்படியே திரும்பி வருகிறது.

உங்களிடம் இருப்பது பூச்சி வெளியேறிய கூடு. வெளியே வரும்போது பூச்சி ஒரு நொதியைச் சுரந்து முனையிலுள்ள பசையை இளக்கி, இழைகளை விலக்கிக்கொண்டும் குலைத்துக்கொண்டும் வருகிறது. உருவ வராது. நூற்கத்தான் வேண்டும். நூற்ற பட்டில் ஆயிரக்கணக்கான இழை நுனிகள் இருக்கும், பளபளப்பு ஒரு படி குறையும், கையில் மெத்தென்றிருக்கும். அதைக் காஞ்சிபுரத்தோடு ஒப்பிட்டால் ஏமாற்றம்தான். அது வேறு சரக்கு, இது வேறு சரக்கு.

பட்டுப்புழு முட்டை எடுக்கிற வித்தகங்களிலிருந்துதான் இந்த ஓட்டைக்கூடு பெரும்பாலும் வெளியே வரும். முட்டைக்காகப் பூச்சியை விட்டே தீர வேண்டும் என்பதால் அங்கே ஓட்டைக்கூடு நிறையச் சேரும். விலைக்கு வாங்கும்போது கறுப்புக் கறையும் ஈர நாற்றமும் இல்லாததாகப் பாருங்கள், பூஞ்சை பிடித்த கூட்டில் இழை வலுவிழந்திருக்கும்.

#4 பெரம்பூர்_பெட்டிராட்டை

வேதியியல் எல்லாம் சரிதாம்மா, ஆனா நழுவுறதும் இறுகுறதும் கைக் கோளாறு. கைன்னா திறமை இல்லேன்னு சொல்லல. பின்னி மில் ஓடின ஊரு இது, நம்ம கை பருத்திக்குப் பழகின கை. பருத்தி இழை நீளம் 25லேர்ந்து 30 மில்லிமீட்டர். அதனால ரெண்டு கைக்கும் நடுவுல ஒரு அங்குலம், ரெண்டு அங்குலம் இருந்தாலே இழை நகரும். பட்டு இழை, ஸ்லிவரா (ஆலையில சீவி நேராக்கின திரியா) வந்தாலே 10லேர்ந்து 15 சென்டிமீட்டர். கூட்டைப் பிரிச்சு எடுத்தா அதை விட நீளம். நீ ரெண்டு அங்குலம் விட்டுப் பிடிச்சா ஒரே இழையோட ரெண்டு முனையும் உன் ரெண்டு கையிலயும் மாட்டிக்கிட்டிருக்கு. என்ன இழுத்தாலும் நகராது. அதுதான் நீ சொல்ற இறுக்கம்.

இறுகுதேன்னு பலமா இழுப்ப. அப்ப ஒரு கட்டு மொத்தமா விடுபட்டு வந்துடும், அந்த இடத்துல முறுக்கு போதாது, பட்டு வழுவழுப்பு வேற. தக்ளி கீழே. ரெண்டு கோளாறும் ஒரே காரணம்தான்.

ஸ்லிவர்னா கை ரெண்டுக்கும் நடுவுல 20 சென்டிமீட்டர், கூட்டுப் பட்டுன்னா 25லேர்ந்து 30. விரலை அழுத்தாதே, அழுத்துற கை பட்டுக்கு ஆகாது. முறுக்கு நீளப்போற இடத்துக்குள்ள ஏறிடுச்சுன்னா இழுக்கிறதை நிறுத்திடு, முறுக்கை அவிழ்த்து எதிர்ப்பக்கம் ரெண்டு திருப்பு திருப்பிட்டு மறுபடி இழு. பழகற வரைக்கும் ஒரே நேரத்துல சுத்துறதும் இழுக்கிறதும் வேண்டாம். தக்ளியைச் சுத்திவிடு, முறுக்கு ஏறினதும் ரெண்டு முட்டிக்கு நடுவுல நிறுத்து, மேல் கையால நீளமா இழு, அப்புறம் முறுக்கை மேலே விடு. மெதுவாத்தான் வரும், பரவாயில்ல.

இன்னொண்ணு, உருட்டின பட்டை எதுக்கு? நீள இழையைப் பஞ்சு மாதிரி உருட்டினா குறுக்கும் நெடுக்குமா கிடக்கும், சிக்கத்தான் செய்யும்.

#5 கொருக்குப்பேட்டை_குயில்

ஆர்.ஓ. தண்ணி, வெள்ளை சோப்பு, சொன்ன கணக்குல செஞ்சாச்சு. 100க்கு 76 வந்துச்சு, வெள்ளையா இருக்கு. கை தூரம் மாத்தினதும் இறுக்கம் போயிடுச்சு. உருட்டக் கூடாதுன்னா வேற எப்படித் தயார் பண்றது? கூடு ஒவ்வொண்ணும் ஒரு பந்தா காய்ஞ்சு கிடக்கு.

#6 சிட்டம்

எடை பார்க்கக் காயவிட்டது பரவாயில்லை, மறுபடி நனைத்தால் போதும். கூடு ஈரமாக இருக்கும்போதே விரிக்க வேண்டும்.

பழைய படச் சட்டம் ஒன்று, 25 சென்டிமீட்டர் சதுரம், நான்கு மூலையிலும் தலையில்லாத ஆணி, துருப்பிடிக்காததாக. அகலமான பேசினில் வெதுவெதுப்பான தண்ணீரில் கூட்டை மிதக்கவிட்டு, ஓட்டை வழியாக இரு கைப் பெருவிரல்களையும் உள்ளே விட்டு நாலாபக்கமும் மெல்ல அகட்டுங்கள். உள்ளங்கை அளவு வந்ததும் எடுத்து ஒரு மூலையில் மாட்டி, எதிர்மூலைக்கு இழுத்து மாட்டி, பிறகு மற்ற இரண்டு மூலைகள். ஓரம் கனமாகவும் நடு மெல்லியதாகவும் அமையும், அது இயல்பு. ஒரு கூடு ஓர் ஏடு. அதன் மேலேயே அடுத்த கூடு. பத்துப் பன்னிரண்டு ஏடு சேர்ந்ததும் சட்டத்தோடு நிழலில் காயவிடுங்கள். ஒரு கூடு விரிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் கிழிந்து வந்தால் அந்தக் கூட்டில் பசை மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம், தனியாக வைத்து இன்னொரு முறை சோப்புத் தண்ணீர் கொடுங்கள்.

நூற்கும்போது அடுக்கிலிருந்து ஓரத்தைப் பிடித்து ஒரே ஓர் ஏட்டை உரியுங்கள். இரண்டு ஏடு சேர்ந்து வந்தால் பிறகு இழுக்கவே முடியாது. நடுவில் விரலால் துளையிட்டு, இரு கையையும் உள்ளே விட்டு வளையமாக அகட்டுங்கள். கைகளுக்கு நடுவே ஒரு சாண் இருக்கட்டும், படக்கென்று இழுத்து, கொஞ்சம் நகர்த்தி மறுபடி இழுத்து, வளையத்தைச் சுற்றிச் சுற்றி வாருங்கள். பென்சில் கனம் வந்ததும் ஓரிடத்தில் அறுத்தால் நீண்ட ஒரு திரி கிடைக்கும். அதை இன்னும் இழுத்து நூலின் கனத்துக்கு மிக அருகில் கொண்டுவந்துவிடுங்கள். ஏட்டுப் பட்டில் கனம் தீர்மானமாவது இங்கேதான். தக்ளியில் முறுக்கு மட்டும்தான் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் சொரசொரப்பு இருந்தால் ஒவ்வோர் இழையும் தோலில் மாட்டும். ஒரு ஸ்பூன் சர்க்கரை, சில சொட்டுத் தேங்காயெண்ணெய், ஒரு நிமிடம் தேய்த்து, சோப்பு போட்டு எண்ணெய் முழுக்கப் போகும்படி கழுவுங்கள். எண்ணெய் மிஞ்சினால் இழை திரண்டு கட்டிக்கொள்ளும்.

#7 கடலோரம்_ராயபுரம்

தக்ளி பத்தி யாரும் பேசலையே. பித்தளை வட்டு தக்ளி மெல்லிய பட்டுக்குத் தாராளமாப் போதும், ஆனா தொங்கவிட்டு நூற்காதீங்க. கொட்டாங்கச்சியில முனையை ஊன்றிச் சுத்துங்க, பாரம் நூல் மேல விழாது. மேல இருக்கிற கொக்கியை முதல்ல பாருங்க. பஞ்சுக்கு ஒண்ணும் ஆகாத பிசிறு, பட்டை மாட்டி இழுத்துடும். 400 நம்பர் எமரித் தாள், பிறகு 800, விரல் வழுக்கற வரைக்கும் தேய்ங்க.

தொங்கவிட்டுத்தான் பழக்கம்னா ஒரு வழி இருக்கு. கேரம் ஸ்ட்ரைக்கர் 15 கிராம், குறுக்களவு 41 மில்லிமீட்டர் சுமார். வடசென்னையில கேரம் போர்டு இல்லாத தெரு இல்ல, ஓரம் தேய்ஞ்ச ஸ்ட்ரைக்கர் எங்கயும் கிடைக்கும். நடுவுல 6 மில்லிமீட்டர் ஓட்டை, அதுல 25 சென்டிமீட்டர் மூங்கில் குச்சி, மேல் முனையில சின்ன கொக்கி. ஓட்டையை 2 மில்லிமீட்டர் பிட்டுல ஆரம்பிச்சுப் படிப்படியாப் பெருசாக்குங்க, ஒரேயடியா 6 போட்டா விரிசல் விடும். ஓட்டை நடுவுலேர்ந்து ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் கதிர் தலையாட்டும், தலையாட்டினா சுத்து சீக்கிரம் நின்னுடும், நின்னா எதிர்ப்பக்கம் சுத்தி முறுக்கை அவிழ்த்துடும். மொத்தம் 20 கிராமுக்குள்ள நிக்கணும். 30, 40 கிராம் கதிர் ரெண்டு புரி சேர்த்து முறுக்கத்தான்.

#8 பெரம்பூர்_பெட்டிராட்டை

@கடலோரம் தம்பி, ஐடியா நல்லா இருக்கு. ஆனா நூறு கிராமுக்கு மேல நூற்கணும்னா கதிரை நம்பாதே. பெட்டி ராட்டையில ரெண்டு சக்கரம் இருக்கிறதால கைப்பிடி ஒரு சுத்துக்கே கதிர் நிறைய சுத்து சுத்திடும், மெல்லிய பட்டுக்குத் தேவையான முறுக்கு நொடியில ஏறும். கதிர் முனையைக் கூராக்காம மழுங்கலா, வழவழன்னு வெச்சுக்க. மாலை (சக்கரத்தையும் கதிரையும் இணைக்கிற கயிறு) ரொம்ப இறுக்கமா இருந்தா கதிர் உதறும், அந்த உதறல்ல பட்டு நழுவும். பஞ்சுக்கு வைக்கிற இறுக்கத்துல ஒரு பங்கு தளர்த்து.

சாயப்பானை சார்கிட்ட ஒரு கேள்வி. பசையை எடுத்தே தீரணும்னு ஏன் சொல்றீங்க? வடக்கே மட்கா நூல் பசையோடதானே நூற்கிறாங்க. பானையைக் கவிழ்த்து, அதன் மேல கூட்டுப் பட்டை விரிச்சு வெச்சு, ஈரக் கையால உருவி. பசை இருந்தா இழை ஒண்ணையொண்ணு பிடிச்சுக்கும், நழுவாது. புதுசா பழகறவங்களுக்கு அது சுலபம் இல்லையா?

#9 சாயப்பானை

நழுவாதுங்கிறது உண்மைதான் அண்ணே. மட்கா துணி முரட்டுத்தனமா, முண்டும் முடிச்சுமா இருக்கிறது அதனாலதான், அந்த முண்டுக்காகவே வாங்குறவங்க இருக்காங்க. சட்டைத்துணிக்கும் மேல்போர்வைக்கும் அழகு. ஆனா குயில் கேக்கிறது அங்கவஸ்திரம். பசையோட நூத்த நூலை நெய்து முடிச்சு, துணியா வேகவெச்சா நூலோட எடையில கால்வாசி போகும். இழைக்கு நடுவுல இருந்த பசை போனதும் நூல் தளர்ந்து, ஊடை நகர ஆரம்பிக்கும். அதுக்கு ஏத்த முறுக்கும் நெருக்கமும் முன்னாலயே குடுத்திருக்கணும். அது பழகின கைக்கு. முதல் துணிக்கு பசை எடுத்து நூற்கிறதே மேல்.

பாதி வழி ஒண்ணு உண்டு. ஒரே சோப்புத் தண்ணியோட நிறுத்தி, 85 கிராம்ல விட்டுட்டா கொஞ்சம் பிடிப்பு இருக்கும். ஆனா ஒரு கூட்டுல ஒரு மாதிரி, இன்னொண்ணுல வேற மாதிரி பசை மிஞ்சும், சாயம் போடும்போது திட்டுத்திட்டா காட்டிக்குடுத்துடும். எனக்கு அதுல சம்மதமில்ல.

காத்தைப் பத்தியும் சொல்லணும். பட்டு ஈரத்தை நல்லா குடிக்கும், தன் எடையில முப்பது சதவீதம் வரைக்கும் குடிச்சாலும் கைக்கு ஈரமாத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில கடலோரத்துல ஏடு ஒட்டிக்கிட்டு உரிக்க வராது. மூடின டப்பாவுல வெச்சு, வேண்டியதை மட்டும் எடுங்க. எடை போடறதும் மழை நாள்ல ஏமாத்தும், ஒரே நாள்ல முன்னும் பின்னும் எடை பாருங்க. ஏ.சி. அறையில நேர்மாறு, இழை மின்னேறிப் பறக்கும், ஈரத்துண்டால கையைத் துடைச்சா அடங்கும். மின்விசிறியை எப்பவும் நிறுத்திடுங்க. மொட்டைமாடி வெயில்ல காயப்போட்டா ரெண்டு நஷ்டம், பட்டு மஞ்சளாகும், மணலி எண்ணூர் பக்கத்துத் தூசி வேற படியும்.

#10 காலடிப்பேட்டை_தறி

ஊடைக்குப் போடலாமான்னு கேட்டதுக்கு: போடலாம். பாவுக்கு (நெடுக்கு நூலுக்கு) வேண்டாம், இப்போதைக்கு.

பாவு நூல் விழுதுலயும் (பாவை ஏத்தி இறக்குற நூல் கண்ணு) அச்சுலயும் (ஊடையை அடிக்கிற பல்லுச் சட்டம்) நாள் முழுக்கத் தேயும். கையால நூத்த பட்டுல இழை நுனி நீட்டிக்கிட்டிருக்கும், அச்சுப் பல்லுல மாட்டி உருண்டு உருண்டு பிசிறாகும். போடணும்னா ரெண்டு புரியா முறுக்கி, மெல்லிய அரிசிக் கஞ்சி குடுத்து, பிரிச்சுப் பிரிச்சுக் காயவெச்சு, பல்லு அகலமான அச்சுல போடணும். முதல் துணிக்குப் பாவு கடைப் பட்டோ மெல்லிய பருத்தியோ இருக்கட்டும்.

முதல்ல என்ன நம்பர் நூல்னு தெரியணும். நூலை இழுத்துப்பிடிக்காம 10 மீட்டர் அளந்து, நகைக்கடைத் தராசுல, அதான் 0.01 கிராம் காட்டுறது, வெய்ங்க. 0.30 கிராம் வந்தா ஆயிரம் மீட்டருக்கு 30 கிராம். 590ஐ அந்த 30ஆல வகுத்தா ஏறக்குறைய 20, அதுதான் பருத்திக் கணக்குல 20ஆம் நம்பர். நூத்த பட்டுக்கும் அதே 840 கஜம் சிட்டக் கணக்குதான் (ஒரு பவுண்டு நூல்ல 840 கஜச் சிட்டம், அதாவது நூல் கண்டு, எத்தனைங்கிறதுதான் நம்பர்). ஒரே இடத்துல மட்டும் வெய்க்காதீங்க. சிட்டத்தோட ஆரம்பம், நடு, கடைசின்னு மூணு இடம் பாருங்க. 0.25க்கும் 0.35க்கும் நடுவுல இருந்தா ஊடைக்கு ஓடும். 0.20, 0.45ன்னு ஆடினா துணியில பட்டை பட்டையாத் தெரியும். அப்படி ஆடற நூலைத் தூக்கிப்போட வேண்டாம், ரெண்டு நாடா (ஊடை நூலைக் குறுக்கே கொண்டுபோற கட்டை) வெச்சு மாத்தி மாத்தி ஓட்டினா பட்டை உடைஞ்சுடும்.

முறுக்கு 20ஆம் நம்பருக்கு அங்குலத்துக்கு 12லேர்ந்து 14 சுத்து. ரெண்டு புரி சேர்க்கும்போது எதிர்ப்பக்கமா அதுல மூணுல ரெண்டு பங்கு, 8, 9 சுத்து. எண்ணிப் பாக்கவே வேண்டாம்னா, நூத்த நூலை ஒரு முழம் பிடிச்சு நடுவுல மடங்கவிடுங்க. தானா ஒண்ணோட ஒண்ணு சுத்திக்கிட்டு, இழுத்தா நழுவாம நின்னா போதும். மடக்கினதும் புழு மாதிரி சுருண்டு சுருண்டு முடிச்சுப் போட்டா முறுக்கு ஜாஸ்தி. பட்டுக்கு முறுக்கு ஜாஸ்தியானா பளபளப்பு சாகும். குறைஞ்சா நாடா இழுக்கிற இழுப்புலயே பிரியும். பயந்துகிட்டு எல்லாரும் ஜாஸ்திதான் ஏத்துவாங்க.

சரக்கு எவ்வளவு வேணும்? அகலம் 60 சென்டிமீட்டர், நீளம் 180. ரெண்டு புரி 20ஆம் நம்பர் ஊடை, சென்டிமீட்டருக்கு 12 ஓட்டு (ஊடை இழை). 180 இன்ட்டு 12, 2160 ஓட்டு. ஒவ்வொண்ணும் ஓரச் சுருக்கத்தோட 62 சென்டிமீட்டர், மொத்தம் ஏறக்குறைய 1340 மீட்டர். ரெண்டு புரி நூல் மீட்டருக்கு 0.06 கிராம், ஆக 80 கிராம். தறிக் கழிவு பத்து சதவீதம் சேர்த்தா 88. நூற்கும்போது போற கழிவு பதினஞ்சு சதவீதம், பசை கால்வாசி, ரெண்டையும் பின்னாடி கணக்குப் போட்டா சுத்தம் பண்ணின ஓடு 140 கிராம் வேணும். ஓடு ஒண்ணு 0.3லேர்ந்து 0.4 கிராம், நானூறு கூடு பக்கம். உங்க அரை கிலோ தாராளம், மூணு துண்டுக்குக் காணும்.

(காலடிப்பேட்டையில பட்டா பருத்தியான்னு கேக்காதீங்க. 1717லேர்ந்து 1720 வரைக்கும் கும்பெனியோட மதராஸ் ஆளுநரா இருந்த காலெட் நெசவாளரைக் குடிவெச்ச ஊர், அவர் பேர்தான் தேய்ஞ்சு காலடி ஆச்சு. கும்பெனிக்கு வேண்டியது பருத்தித் துணி.)

#11 கொருக்குப்பேட்டை_குயில்

@காலடிப்பேட்டை_தறி அண்ணா, மூணு இடத்துல 0.28, 0.34, 0.31. ஊடைக்கு ஓடும்போல. சிட்டமாக்கினதும் சுருண்டுக்குது, நேரா தொங்கல. இப்படியே நாடாவுல ஏத்தலாமா?

#12 சாயப்பானை

ஏத்தாதீங்க, முறுக்கு உக்காரட்டும். ஒத்தை நூலை ஒரு ராத்திரி கதிர்லயே விட்டுட்டு அப்புறம் ரெண்டு புரி சேர்த்தா சண்டை போடாது. சேர்த்த நூலைச் சிட்டம் போட்டு, பருத்தி நூலால நாலஞ்சு இடத்துல எட்டு வடிவத்துல தளர்வாக் கட்டுங்க. 50, 60 டிகிரி மென்னீர்ல கொஞ்சம் சோப்பு விட்டு அரை மணி ஊறட்டும். முறுக்காம, துண்டுல சுருட்டி அழுத்தித் தண்ணியை எடுங்க. ஈரத்துல பட்டு வலு குறையும், பிழிஞ்சா அறுந்துடும்.

கடைசி அலசல்ல லிட்டருக்கு 3 மில்லி வினிகர். சோப்புத் தண்ணியோட மிச்சக் காரம் அடங்கும், காய்ஞ்சதும் அந்தப் பட்டுக்கே உரிய சரசரப்பும் வரும். அப்புறம் சிட்டத்துக்குள்ள ரெண்டு கையையும் விட்டு, படீர் படீர்னு நாலஞ்சு தடவை விரிச்சு இழுங்க. இடத்தை மாத்தி மறுபடி. இழை நேராகும், பளபளப்பு கண்ணுக்கு முன்னாலயே ஏறும். இந்த இழுப்புல அறுகிற நூல் தறியில எப்படியும் அறுந்திருக்கும், இங்கயே தெரிஞ்சுபோறது நல்லது. நிழல்ல கம்புல தொங்கவிடுங்க, கீழே லேசா ஒரு பாரம், ஒரு குச்சி போதும்.

#13 மூலக்கடை_முடிச்சு

குறுக்கே வர்றேன், மன்னிக்கணும். கூடு வேகவைக்கிற வேலையே வேணாம்னு இணையத்துல "பட்டு ஸ்லிவர்"னு வாங்கினது பளபளன்னு இருக்கு, ஆனா விலை ரொம்பக் கம்மி. பட்டுதானான்னு எப்படிப் பாக்கிறது? எரி பட்டு வாங்கலாமா?

#14 பெரம்பூர்_பெட்டிராட்டை

கொஞ்சம் முறுக்கி, இடுக்கியில பிடிச்சுக் கொளுத்து தம்பி. பட்டுன்னா முடி கருகின வாடை, நெருப்பை எடுத்ததும் தானா அணையும், மிஞ்சற கறுப்பு மணியை விரல்ல நசுக்கினா பொடியாகும். காகிதம் எரிஞ்ச வாடை, நிக்காம எரியுது, லேசான சாம்பல்னா விஸ்கோஸ். "மூங்கில் பட்டு", "வாழைப் பட்டு"ன்னு வர்றதெல்லாம் பெரும்பாலும் அந்த வகைதான். உருகிக் கெட்டியான மணியா நின்னா பாலியஸ்டர். கலப்படம்னு சந்தேகம் இருந்தா ஒரு துணுக்கைப் பிளீச்சிங் திரவத்துல போடு, பட்டு கரையும், மத்தது கிடக்கும்.

எரி பட்டு பழகறதுக்கு ரொம்பத் தோது. ஆமணக்கு இலை தின்கிற புழு. கூட்டுக்கு ஒரு வாய் இயல்பாவே திறந்திருக்கும், அதனால அதை உருவவே முடியாது, அசாம்ல காலங்காலமா கதிர்ல நூற்கிறதுதான். பளபளப்பு கம்மி, ஆனா இழை கொஞ்சம் பிடிச்சு நிக்கும், பருத்திக் கை பயப்படாம நூற்கும். ஸ்லிவரா வாங்கினா அகலத்துல நாலு அஞ்சாக் கிழி, ஒரு சாண் நீளத்துக்குப் பிய்ச்சு, ஆள்காட்டி விரல் மேல மடிச்சுப் போட்டு, மடிப்பிலேர்ந்து இழு. ஒரே நேரத்துல எல்லா இழையும் ஓடி வராது. நாயில்னு குட்டை இழைக் கழிவு விலை மலிவா வரும், அது பஞ்சு மாதிரியே கிட்டக்கையால நூற்கணும். அதை வெச்சுப் பட்டு பழக முடியாது.

#15 காலடிப்பேட்டை_தறி

@குயில் நாடாவுல ஏத்தும்போது குழலைப் பருத்திக்குச் சுத்துற மாதிரி தளர்வாச் சுத்தாதீங்க, பட்டு வழுக்கி அடுக்கு சரிஞ்சு ஒரேயடியா வெளிய வந்துடும். முனைப்பக்கம் ஒல்லியா, கெட்டியா, குறுக்குக் குறுக்காச் சுத்துங்க. முதல் ஒரு சாண் நெய்து, தறியிலேயே ஈரத்துணியால ஒத்தி, காய்ஞ்சதும் விரலால ஊடையைத் தள்ளிப் பாருங்க. நகர்ந்தா சென்டிமீட்டருக்கு 12ஐ 14 ஆக்குங்க. அப்ப ஊடை 80க்குப் பதில் 94 கிராம் ஆகும், நூற்கிறதை இப்பவே கூட்டிக்குங்க.